பூட்டு விழாத இடது சக்கரம்

இடது பக்கத்துச் சக்கரம் சரியாக இறங்கவில்லை. இதை எங்களிடம் சொன்னது வேறு யாருமில்லை, அந்தச் சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த என் மகள் பவானிதான். அப்போது நாங்கள் திருப்பதியை அடுத்த ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு மேலே, ஆடிக் காற்றில் அல்லாடிக்கொண்டு, வானத்தில் இருந்தோம். கீழே கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அம்மன் பிள்ளைகளே, என்னைப் பெற்றவள் போல நம் எல்லோரையும் காக்கும் பொன்னியம்மனை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடந்தது நடந்தபடி.

என் பெயர் கன்னியம்மா. ஆந்திரா எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை, எங்களுக்கிருக்கும் துண்டு நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். எங்கள் மாமனார் காலத்தில் அந்தத் துண்டும் கிடையாது, கூலிக்குப் போய்ப் பிழைத்த குடும்பம். பவானி எங்களுக்கு ஒரே பிள்ளை. அரசாங்க ஹாஸ்டலில் தங்கி, தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அரசாங்க உதவியிலேயே வடநாட்டுக்குப் போய் விமானம் ஓட்டவும் படித்தாள். இப்போது பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. ஏழெட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அவசரமாகப் போகிறவர்கள் வாடகைக்கு எடுப்பார்கள். கேப்டன் ஒருவர், அவருக்குத் துணையாக பவானி.

ஊரே மெச்சியது. எனக்கு மட்டும் வயிற்றில் நெருப்பு. அவள் என்றைக்கு மேலே போகிறாள், எப்போது இறங்குகிறாள் என்று மனது அடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் முன்னால் நின்று ஒரே வேண்டுதல்தான். "தாயே, என் பொண்ண கீழ எறக்கிடு. தரைல ஒரு வேலைய குடு. உனக்குப் பட்டுப்பொடவ சாத்தறேன். தீ மிதிக்கறேன்." இதைச் சொல்லாமல் நான் கற்பூரம் கண்ணில் ஒற்றிக்கொண்டதே இல்லை.

போன ஆடியில் பெங்களூருக்குப் போய் அவளோடு சில நாள் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், வெள்ளிக்கிழமையே ஊர் திரும்ப வேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்று நான் சொல்ல, அவள் சிரித்தாள்.

"நாளைக்குக் காலைல நான் திருப்பதிக்குதாம்மா ஓட்டிக்கினு போறேன். ரெண்டே பேர்தான் வராங்க. சீட்டு காலி. கேப்டன் சார்கிட்ட கேட்டுட்டேன், அவங்ககிட்டயும் கேட்டுட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. எங்கூட வாம்மா."

எனக்குப் பயம்தான். ஆனாலும் பெற்ற பிள்ளை கூப்பிடுகிறாள். அவள் வேலை செய்வதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. "சரி" என்றேன்.

அந்த இரண்டு பேர் சாவித்திரம்மாவும் அவர் கணவரும். பெங்களூரில் வாழும் தெலுங்குக்காரர்கள். சாவித்திரம்மாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் நடந்து நல்லபடியாகத் தேறியிருந்தார். மலைக்குப் போய் முடி கொடுக்க வேண்டும், பஸ்ஸிலும் காரிலும் குலுங்கக்கூடாது என்று இந்த விமானத்தை எடுத்திருந்தார்கள். நான் ஏறியதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "உன் பொண்ணா ஓட்றது? பங்காருதல்லி!" என்றார். தங்கமான பிள்ளை என்று அர்த்தம்.

பைலட்டுகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு திரை மட்டும்தான், அதையும் ஒதுக்கிக் கட்டியிருந்தார்கள். இடது சீட்டில் கேப்டன், வலது சீட்டில் பவானி. அவளுடைய பின்னங்கழுத்தும், இறுக்கிக் கட்டிய கொண்டையும், காதில் மாட்டிய ஹெட்போனும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். புறப்படும் முன்பு திரும்பி ஒரு இடத்தைக் காட்டினாள். "அங்க பாரும்மா. எறங்கும்போது மூணு பச்ச லைட்டு எரியும். மூணு சக்கரத்துக்கு மூணு. மூணும் எரிஞ்சா நீ ஊருக்கு வந்துட்டேன்னு அர்த்தம்."

மேலே போனதும் என் பயம் கொஞ்சம் அடங்கியது. மேகத்தைப் பார்த்தேன். என் மகளைப் பார்த்தேன். அவள் கை எங்கே போக வேண்டுமோ அங்கே போனது, வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. நான் பெற்றதுதானா இது என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஏழுமலையான் மலை நீலமாகத் தெரிந்தது. சாவித்திரம்மா ஜன்னல் பக்கம் கைகூப்பி "கோவிந்தா" என்றார். நானும் கும்பிட்டேன். கீழே ஏரிகள் தெரிந்தன, சுவர்ணமுகி ஆற்றின் மணல் தெரிந்தது. விமானத்துக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். சக்கரம் இறங்குகிறது என்று புரிந்தது. நான் அந்த லைட்டைப் பார்த்தேன்.

ஒன்று எரிந்தது. இன்னொன்று எரிந்தது.

மூன்றாவது எரியவில்லை.

பவானி அந்த இடத்தையே பார்த்தாள். கேப்டன் விரலால் தட்டினார். சக்கரத்தை உள்ளே இழுத்து மறுபடி இறக்கினார்கள். அதே கடகட. அதே இரண்டு பச்சை. விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏறியது. ரேடியோவில் இங்கிலீஷில் பேச்சு. எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. ஆனால் என் மகள் குரலை இந்த இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறேன். அவள் சாதாரணமாகப் பேசுவதற்கும் பேச முயற்சி செய்வதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

டவரில் இருக்கிறவர்கள் கீழிருந்து பார்த்துச் சொல்வதற்காக ஓடுபாதைக்கு மேலே தாழ்வாக ஒரு தடவை போனோம். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் பவானி எங்கள் பக்கம் திரும்பினாள். தெலுங்கிலும் தமிழிலும் சொன்னாள். இடது சக்கரம் வெளியே தொங்குகிறது, ஆனால் முழுசாக விறைத்து நிற்கவில்லை, பூட்டு விழவில்லை. அப்படியே இறங்கினால் மடங்கிவிடும். கையால் இறக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்யப் போகிறோம். பயப்பட வேண்டாம்.

அதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். "பவானீ..."

"அம்மா." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நீ பேசாத. உன் கொரல் கேட்டா எனக்கு வேல ஓடாது. நீ கும்புட்டுக்கினு இரு. அது போதும்."

பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என்ன கொடுமை பாருங்கள். பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தொடக்கூடாது. கூப்பிடக்கூடாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக "என் பொண்ண கீழ எறக்கிடு" என்று கேட்டேனே, அது நினைவுக்கு வந்தது. இப்படியா இறக்கப் பார்க்கிறாய் தாயே என்று அழுதேன்.

கேப்டன் ஓட்டும் வேலையை பவானியிடம் கொடுத்தார். தன் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த ஒரு இரும்புக் கைப்பிடியைத் தூக்கி, மேலும் கீழுமாக அடிக்க ஆரம்பித்தார். நம் ஊரில் அடிபம்பில் தண்ணீர் அடிப்போமே, அதேதான். அடித்தார், அடித்தார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கியது. சாவித்திரம்மா என் கையை நெரித்துக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் கையை வைத்தபடி சிலை மாதிரி இருந்தார்.

திடீரென்று கேப்டன் "அம்மா!" என்று கத்தினார். தோளைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முன்பு ஒரு தடவை எலும்பு விலகிய தோளாம். அது மறுபடி விலகிவிட்டது. வலது கை தொங்கியது. முகம் வெள்ளைத்துணி ஆகிவிட்டது. அந்த வலியிலும் அவர் முதலில் அந்த லைட்டைத்தான் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டுதான் எரிந்தன.

அவருக்கும் பவானிக்கும் நடந்த பேச்சு தெலுங்கில் நடந்ததால் எனக்கு முழுசும் புரிந்தது.

"பவானி, என்னால பிடிக்க முடியாது. நீதான் இறக்கணும்."

"சார், நானா?"

"நீதான். நான் வேகத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கேன். உன் கண்ணு வெளியே இருக்கட்டும். வலது சக்கரத்துல முதல்ல இறக்கு. இடது இறக்கையை எவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ பிடி. அதுக்கு மேல நம்ம கையில இல்ல."

அவள் ஒரு மூச்சு விட்டாள். "சரி சார்" என்றாள்.

பெட்ரோல் நிறைய இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம் என்று, அது குறையும் வரை சுற்றிக்கொண்டே இருந்தோம். சுற்றும்போது விமானத்தைச் சட்டென்று சாய்த்தும் நிமிர்த்தும் பார்த்தாள், சக்கரம் ஆடிப் பூட்டிக்கொள்ளுமா என்று. பச்சை வரவில்லை. ஜன்னலில் அதே ஏரி வரும், அதே ரோடு வரும், அதே மலை வரும். ஓடுபாதை ஓரமாகச் சிவப்பு வண்டிகள் வந்து நிற்பது தெரிந்தது.

இந்த இடத்தில் கீழே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிறகு என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு, விமானம் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போயிருக்கிறார் மனுஷன். அங்கிருந்த கார் டிரைவர்களிடம், "அத்தோ பாரு, எம்பொண்ணு. அவ ஆத்தா உள்ள கீறா. நைனா வெளில நின்னுக்கினு கீறான்னு தெரிஞ்சி எனக்குக் காட்றதுக்குத்தான் சுத்தறா" என்று சொல்லி, துண்டை எடுத்து மேலே வீசியிருக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் வீசியிருக்கிறார். அப்புறம்தான் ஒரு டிரைவர் மெதுவாகச் சொன்னாராம்: "பெத்தாயனா, பெரியவரே, இது காட்றது இல்ல. ஏதோ பிரச்சினை." உள்ளே சைரன் சத்தம் கேட்டதும் துண்டு கையிலேயே நின்றுவிட்டதாம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

மேலே, கேப்டன் எங்களிடம் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். கண்ணாடியைக் கழற்றுங்கள், ஹேர்பின்னை எடுங்கள், குனிந்து தலையை மடியில் வைத்து இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு என் கையைப் பார்த்தார். "கண்ணாடி வளையலும் வேண்டாம்மா. உடைஞ்சா குத்தும்."

எனக்கு மனது வரவில்லை. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. புருஷன் கீழே காத்திருக்கிறார். சுமங்கலி கை நிறைய வளையலைக் கழற்றுவதா? அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாவித்திரம்மாதான் மெல்ல என் கையை எடுத்தார். "தீசேய்யம்மா. தேவுடு உன்னாடு." கழற்று, சாமி இருக்கிறார் என்றார். அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி என் முந்தானையில் முடிந்துவிட்டார். அவர் கை நடுங்கியது. என் கை அதைவிட நடுங்கியது.

அப்போதுதான் நான் உண்மையாகக் கும்பிட்டேன்.

நாம் எல்லோரும் வெள்ளிக்கிழமை பாடும் பாட்டு ஒன்றும் வரவில்லை. நூற்றெட்டுப் போற்றி வரவில்லை. நேர்ந்துகொள்ளலாம் என்று பார்த்தால், என்ன நேர்ந்துகொள்வது என்றுகூடத் தோன்றவில்லை. உனக்கு இது செய்கிறேன், நீ எனக்கு அது செய் என்று பேசுவதற்கு என்னிடம் நேரமும் இல்லை, நாக்கும் இல்லை. ஒரு சொல்தான் வந்தது. "அம்மா." அவ்வளவுதான். "அம்மா, எம்பொண்ணு கை நடுங்கக் கூடாது. அம்மா, அந்தச் சக்கரத்தப் புடிச்சிக்கோ." இந்த இரண்டையும் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

சொல்லச் சொல்ல எனக்குள் ஒன்று நடந்தது. அதை எப்படிச் சொல்வது? காய்ச்சல் விட்டு வியர்க்கிற மாதிரி. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தோடு நான் மட்டும் தனியாக இல்லை. ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. குனிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி என் மகள் கையைப் பார்த்தேன்.

நடுங்கவில்லை! அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்தக் கை நடுங்கவே இல்லை. மாவு சலிக்கிறவள் சல்லடையைப் பிடித்திருக்கிற மாதிரி அவ்வளவு லேசாக அந்த ஓட்டும் பிடியைப் பிடித்திருந்தாள்.

"குனியுங்க!" என்று கேப்டன் கத்தினார்.

குனிந்தேன். காதில் காற்றின் சத்தம். கேப்டன் வேகத்தை எண்ணிச் சொல்லும் குரல். சாவித்திரம்மாவின் கோவிந்தா. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வலது பக்கமாக. டக்கென்று ஒரு உதைப்பு. வலது சக்கரம் தொட்டுவிட்டது! ஓடுகிறோம். ஒற்றைக் காலில் ஓடுகிறோம். மூக்குப் பக்கத்துச் சக்கரமும் தொட்டது. இடது பக்கம் இன்னும் காற்றில் நிற்கிறது. இழுக்கிறாள், பிடிக்கிறாள், தூக்கி நிறுத்துகிறாள். வேகம் குறையக் குறைய அந்த இறக்கை மெல்ல மெல்ல இறங்குகிறது. தீப்பிடிக்காமலிருக்க என்ஜினை அணைத்துவிட்டார்கள், சத்தம் நின்றுபோனது.

இடது சக்கரம் தரையைத் தொட்டது.

இப்போது மடங்கும், இப்போது மடங்கும் என்று பல்லைக் கடித்தேன். மடங்கவில்லை. உருள்கிறது! "நிக்குது! நிக்குது பவானி!" என்று கேப்டன் அலறினார். அது உருண்டுகொண்டே இருந்தது. "அம்மா புடிச்சிக்கோ, அம்மா புடிச்சிக்கோ" என்று நான் வாய்விட்டே கத்தினேன். பேசாதே என்று சொன்ன மகளின் சொல்லை அந்த இடத்தில் என்னால் காப்பாற்ற முடியவில்லை. நம் ஊர் டவுன் பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது வருமே, அந்த வேகத்துக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் அந்தக் கால் தளர்ந்தது. யாரோ இவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்தமாதிரி மெதுவாக மடங்கியது. இறக்கை தரையில் உரசியது. கிறீச்சென்று ஒரு சத்தம், விமானம் இடது பக்கம் திரும்பி, ஓடுபாதை ஓரத்துப் புல்லில் போய் நின்றது.

நின்றது!

உடனே பவானி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எங்களைத் தாண்டிப் போய், வலது பக்க இறக்கைக்கு மேலே இருந்த சின்னக் கதவைத் தள்ளித் திறந்தாள். "வாங்க, வாங்க, எதையும் எடுக்காதீங்க!" சாவித்திரம்மாவையும் அவர் கணவரையும் முதலில் வெளியே அனுப்பினாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். தோளைப் பிடித்துத் திருப்பி விட்டாள். "ஓடும்மா! நிக்காத, ஓடு!" அந்த நேரத்தில் நான் அவளுக்குத் தாய் இல்லை, பயணி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் புரிந்தது. கேப்டனை இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் அவள் இறங்கினாள். தீயணைப்புக்காரர்கள் இறக்கைப் பக்கம் நுரையை அடித்தார்கள். ஒரு பொட்டு நெருப்பும் பிடிக்கவில்லை. கேப்டனுடைய தோளைத் தவிர ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தூரத்தில் போய் நின்ற பிறகுதான் என் மகள் புல்லிலேயே உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து ஓடினேன். என்னை நிமிர்ந்து பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்: "அம்மா, பசிக்குது. துன்றதுக்கு எதனா கீதா?"

வழியில் தின்ன என்று புளிச்சோறு கட்டி வந்திருந்தேன். அது விமானத்துக்குள் மாட்டிக்கொண்டது. எடுக்கப் போகிறேன் என்று நான் கிளம்ப, தீயணைப்புக்காரர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அப்போது நாங்கள் மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பை என்ன சொல்ல! சாவித்திரம்மா சிரித்துக்கொண்டே அழுதார், பவானியின் நெற்றியிலும் கன்னத்திலும் முத்தமாகக் கொடுத்தார். அவர் கணவர் அன்று அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், என் மகளுக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். வயதில் பெரியவர். பவானி துடித்துப்போய் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்காரரை உள்ளே விட நேரமாகிவிட்டது. வந்தார். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில், "இன்னாடி, கை மொட்டையா கீது?" என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவரே ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காரியம் அவர் செய்ததே கிடையாது.

அதற்குப் பிறகு என்ஜினியர்கள் வந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சின்னப் பாகம் உடைந்துபோய் வழியில் சிக்கியிருந்ததாம். அதனால் பூட்டு விழவே இல்லை. கேப்டன் தோளில் கட்டோடு எங்களிடம் வந்து சொன்னார்: "அம்மா, நான் படிச்சபடி பார்த்தா அது தரையைத் தொட்டவுடனே மடங்கியிருக்கணும். உங்க பொண்ணு பாரத்தை எல்லாம் கடைசி வரைக்கும் மத்தப் பக்கம் வச்சிருந்தா, அது ஒரு காரணம். ஆனா அதுக்கு அப்புறமும் அவ்வளவு தூரம் எப்படி உருண்டுச்சுன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "உன் மக கெட்டிக்காரி, அதான் பொழச்சீங்க, இதுல சாமி எங்க வந்துது?" என்கிறார்கள். என் மகள் கெட்டிக்காரிதான். அதை நான் இல்லை என்பேனா? கை அவளுடையது, படிப்பு அவளுடையது. அந்தக் கை அந்த நேரத்தில் நடுங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டவள் நான். நடுங்கவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொள் என்று கேட்டேன். ஆள் எல்லாம் தப்பும் வேகம் வரும்வரை அது மடங்காமல் நின்றது. நான் அம்மனைக் கண்ணால் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டதைச் சொல்கிறேன், கிடைத்ததைச் சொல்கிறேன். முடிவை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றும்போது எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரே கேள்விதான். "என்னா வேண்டிக்கினே? என்னா செய்றேன்னு நேந்துக்கினே?" ஒன்றும் நேர்ந்துகொள்ளவில்லை என்று சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. "அது எப்புடி? ஒண்ணுமே சொல்லாமயா கொடுத்தா?" என்றாள் என் ஓரகத்தி. ஆமாம். ஒன்றுமே சொல்லாமல்தான் கொடுத்தாள். அடுக்களையில் வேலையாக இருக்கிறவள் பிள்ளை விழுந்த சத்தம் கேட்டால், எனக்கு என்ன தருவாய் என்று கேட்டுவிட்டா ஓடி வருகிறாள்? இத்தனை வருஷம் அம்மனிடம் சந்தையில் பேரம் பேசுவது போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அவளைத் தாய் என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன், வந்தாள்.

கேப்டனுக்குத் தோள் ஆறிவிட்டது. சாவித்திரம்மா அன்று சாயந்திரமே மலை ஏறி முடி கொடுத்தார். அங்கிருந்து போனில், "மூணு பேருக்கும் சேர்த்து மொட்டை போட்டாச்சு கன்னியம்மா, நீ உன் முடியை வச்சுக்கோ" என்று சிரித்தார். இப்போதும் எனக்குப் போன் செய்கிறார். கூடப் பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டார்.

பவானி விசாரணை எல்லாம் முடிந்து மறுபடி விமானம் ஓட்டப் போனாள். போகும் முன்பு என்னைக் கேட்டாள். "நான் போகட்டாம்மா?" வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள், எனக்குத் தெரியும். "போடி, நல்லா ஓட்டு" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று அவளைவிட எனக்குத்தான் ஆச்சரியம். அன்றிலிருந்து அவளைக் கீழே இறக்கு என்று நான் கேட்பதில்லை. அவள் மேலே இருக்கும்போது அம்மனும் மேலே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் போகும்போது வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறேன், பக்கத்து சீட்டுக்காரி திட்டத் திட்ட.

வரும் தையில் நானும் அவரும் சேர்ந்து அவளோடு பறக்கப் போகிறோம். அவருக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. கலக்கட்டும்.

அக்கா தங்கச்சிமார்களே, உங்களில் யாருக்கு வீட்டில் நோயோ, யார் பிள்ளை எந்தத் தூர தேசத்தில் எந்த இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறதோ எனக்குத் தெரியாது. கையில் தேங்காய் இல்லையே, நேர்ந்துகொள்ள வசதி இல்லையே, மந்திரம் தெரியாதே என்று தள்ளி நிற்காதீர்கள். பயம் போன பிறகு கும்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே, அழுகையோடேயே, நடுங்குகிற வாயாலேயே கூப்பிடுங்கள். அம்மா என்ற அந்த ஒரு சொல் போதும். எனக்கு அதுதான் இருந்தது. நான் உயிரோடு உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.